குளோன் செய்த விண்டோஸ் டிரைவை வேறு கணினிக்கு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

ஒரு கணினியில் ஓடும் விண்டோஸை, அதிலுள்ள மென்பொருள், செட்டிங்ஸ், கோப்புகள் எதுவும் குலையாமல் இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக முடியும். விண்டோஸ் 10, 11 இரண்டும் புதிய ஹார்டுவேரைத் தாமே கண்டுபிடித்துப் பழகிக்கொள்ளும். ஆனால் அந்தப் பழகும் வேலை தொடங்கவே விண்டோஸ் முதலில் பூட் ஆக வேண்டும். சிக்கல் வருவது பெரும்பாலும் அதற்கு முந்தைய சில நொடிகளில்தான்.

புதிதாகச் செய்பவர்களைப் பார்த்தால் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் வேலையாகக் குளோன் (டிரைவின் அச்சுநகல்) எடுத்துவிடுவார்கள். அதைப் புதிய கணினியில் மாட்டிய பிறகுதான் பிட்லாக்கர் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிரைவைப் பூட்டும் விண்டோஸ் வசதி), பாஸ்வேர்டு, பூட் முறை எல்லாம் நினைவுக்கு வரும். அதற்குள் பழைய கணினியைப் பிரித்திருப்பார்கள், சில சமயம் விற்றும் இருப்பார்கள். தயாரிப்பு முழுவதும் பழைய கணினியில் முடிய வேண்டும். குளோன் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள படிகளை இந்த வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

மறுபடி நிறுவ முடியாத மென்பொருள் இருந்தாலோ, பல ஆண்டுகளாகச் சரிசெய்து வைத்த அமைப்பு இருந்தாலோ குளோன் நல்ல வழி. பிரவுசரும் ஆஃபீஸும் மட்டும்தான் இருக்கின்றன என்றால் புதிய கணினியில் புதிதாக விண்டோஸ் போட்டு, கோப்புகளை நகலெடுப்பதே மேல். நேரமும் குறையும், பழைய குப்பையும் கூடவே வராது.

பழைய விண்டோஸே அடிக்கடி நீலத்திரை காட்டுகிறது, அப்டேட் ஏறவில்லை என்றால் குளோன் எடுக்காதீர்கள். குளோன் நோயையும் சேர்த்தே நகலெடுக்கும். 32-பிட் விண்டோஸாக இருந்தாலும் இந்த வழி வேண்டாம். இன்றைய கணினிகள் பெரும்பாலும் 64-பிட் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் மட்டுமே பூட் ஆகும். அதில் 32-பிட் விண்டோஸ் கிளம்பாது. விண்டோஸ் 7-இல் என்விஎம்இ என்ற புதிய வகை எஸ்எஸ்டி டிரைவுக்கோ யூஎஸ்பி 3-க்கோ டிரைவர் உள்ளேயே கிடையாது. புதிய கணினியில் அது பூட் ஆனாலும் கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போகலாம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதைக் கொண்டுபோகிறீர்கள் என்றால், போன இடத்தில் 11-க்கு ஏற்றிக்கொள்வதையும் திட்டத்தில் சேருங்கள்.

உரிமம் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கடையில் தனியாக வாங்கிய ரீட்டெயில் உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாம். பழைய கணினியில் அதன் பிறகு பயன்படுத்தக்கூடாது. கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு முடிந்தது. ஆனால் புதிய கணினியும் விண்டோஸோடு வந்ததென்றால் அதன் சொந்த உரிமமே குளோனுக்குப் போதும். எடிஷன் மட்டும் ஒத்துப்போக வேண்டும்: ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ.

2. கையில் இருக்க வேண்டியவை

குளோன் ஏற்றுவதற்கான டிரைவ் முதலில். அது புதிய கணினியில் பொருந்துமா என்பதை வாங்குவதற்கு முன் பாருங்கள். எம்.2 வடிவ டிரைவிலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். சில ஸ்லாட்டுகள் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். நீளத்தையும் கவனியுங்கள், 2280 என்றால் 22 மி.மீ அகலம், 80 மி.மீ நீளம். சிறிய லேப்டாப்புகளில் 2242 அல்லது 2230 மட்டுமே பொருந்தும்.

அடுத்து இரண்டு பென்டிரைவ். ஒன்றில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு விண்டோஸ் இன்ஸ்டால் மீடியாவைத் தயாரியுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவ அல்ல, பூட் ஆகாமல் போனால் உள்ளே நுழைந்து பழுதுபார்க்க இது வேண்டும். இன்னொன்றில் புதிய கணினியின் டிரைவர்களை வையுங்கள்: நெட்வொர்க், சிப்செட், ஸ்டோரேஜ் மூன்றும் கட்டாயம். நெட்வொர்க் டிரைவர் இல்லாவிட்டால் மற்ற டிரைவர்களைப் பதிவிறக்கவே வழியில்லை. அது மறந்துபோனால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது.

முக்கியமான கோப்புகளுக்குக் குளோனைத் தவிர இன்னொரு நகலும் இருக்கட்டும். குளோன் செய்யும்போது எதிலிருந்து எதற்கு என்பது மாறிப்போனால் மூலமே அழிந்துவிடும்.

3. இரண்டு கணினிகளும் எந்த முறையில் பூட் ஆகின்றன?

பழைய கணினியில் விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் பயாஸ் மோட் என்ற வரி இருக்கும். எதிரே யூஇஎஃப்ஐ என்று இருந்தால் இந்தப் பகுதியை விட்டு அடுத்ததற்குப் போகலாம்.

லெகஸி (பழைய பூட் முறை) என்று இருந்தால் டிரைவ் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. புதிய கணினிகள் பலவற்றில் லெகஸி வசதியே கிடையாது, ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த டிரைவிலிருந்துதான் விண்டோஸை அவை பூட் செய்யும். குளோன் என்பது உள்ளதை உள்ளபடி நகலெடுப்பது. எம்பிஆரைக் குளோன் செய்தால் எம்பிஆர்தான் வரும், புதிய கணினி அதைக் கண்டுகொள்ளாது.

இதற்கு எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) என்ற கருவி விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. தரவு எதையும் அழிக்காமல் மாற்றும். ஆனால் டிரைவில் பிரைமரி பார்ட்டிஷன் (டிரைவைப் பிரித்த பகுதி) மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. முதலில் வேலிடேட் என்ற சொல்லோடு ஓட்டுங்கள். அது சோதிக்க மட்டும் செய்யும். சரி என்று வந்த பிறகு கன்வர்ட் என்ற சொல்லோடு ஓட்டுங்கள்.

இந்த மாற்றத்தை மூல டிரைவில் செய்யாதீர்கள். குளோனில் செய்யுங்கள், அதுவும் 6-ஆம் படியில் வரும் சோதனை முடிந்த பிறகு. மாற்றியபின் அந்த டிரைவ் லெகஸி முறையில் பூட் ஆகாது. பழைய கணினிக்கு யூஇஎஃப்ஐ தெரியாவிட்டால் சோதிக்கவும் முடியாது. குளோனைப் புதிய கணினியில் மாட்டி, இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் (கட்டளைகளைத் தட்டும் கருப்புத் திரை) திறக்கும். அங்கிருந்து ஓட்டுங்கள். சில லேப்டாப்பில் எஃப்என் விசையும் கூடவே வேண்டும்.

முடிந்ததும் அங்கேயே டிஸ்க்பார்ட் (diskpart, டிரைவ்களைக் கையாளும் கருவி) திறந்து லிஸ்ட் டிஸ்க் கொடுத்துப் பாருங்கள். வலது ஓரத்தில் ஜிபிடி என்ற பத்தியில் உங்கள் டிரைவுக்கு நேரே ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் மாறிவிட்டது.

4. பழைய கணினியில் தயாரிப்பு

அதிக நேரம் எடுக்கப்போவது இந்தப் படிதான். இங்கே விட்டது ஒவ்வொன்றும் புதிய கணினியில் ஒரு திரையாக வந்து வழிமறிக்கும்.

பிட்லாக்கரை முழுமையாக நீக்குங்கள். தற்காலிகமாக நிறுத்துவது போதாது. பிட்லாக்கரின் சாவி பழைய கணினியின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டிருக்கிறது. புதிய கணினியின் டிபிஎம்முக்கு அது தெரியாது. பூட் ஆனவுடன் 48 இலக்க ரெகவரி சாவியைக் கேட்கும். அதோடு, பென்டிரைவிலிருந்து ஓடும் குளோன் மென்பொருள்களுக்குப் பூட்டிய பார்ட்டிஷனின் உள்ளே பார்க்க முடியாது. காலி இடத்தையும் சேர்த்து எழுத்துக்கு எழுத்து நகலெடுக்கும், அளவையும் மாற்ற முடியாது.

“நான் பிட்லாக்கர் போடவே இல்லையே” என்று பலர் சொல்வதுண்டு. ஹோம் எடிஷனில் அதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த புதிய கணினிகளில் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் பாருங்கள். அணைத்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்; பின்னணியில் டிரைவ் முழுவதும் பூட்டு நீங்க மணிக்கணக்காகலாம். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் மேனேஜ்-பிடிஇ (manage-bde) கட்டளையை ஸ்டேட்டஸ் என்ற சொல்லோடு கொடுத்து, ஃபுல்லி டிகிரிப்டட் என்று வரும்வரை காத்திருங்கள்.

பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று சோதியுங்கள். தினமும் நான்கு இலக்கப் பின் (PIN) எண்ணோ விரல் ரேகையோ கொடுத்து நுழைபவர்களுக்குப் பாஸ்வேர்டு மறந்தே போயிருக்கும். பின் எண்ணும் டிபிஎம் சிப்போடு கட்டப்பட்டதுதான், புதிய கணினியில் செல்லாது. செட்டிங்ஸில் சைன்-இன் ஆப்ஷன்ஸ் பகுதியில், விண்டோஸ் ஹலோ வழியாக மட்டுமே நுழைய அனுமதி என்ற தேர்வு இருக்கும். அதை அணையுங்கள். அணைக்காவிட்டால் பாஸ்வேர்டு தட்டும் பெட்டியே திரையில் வராது. பிறகு ஒருமுறை வெளியேறி, பாஸ்வேர்டு தட்டி உள்ளே வந்து பாருங்கள்.

அதோடு நிற்காமல், அட்மின் உரிமையுள்ள ஒரு லோக்கல் கணக்கையும் எளிய பாஸ்வேர்டோடு உருவாக்கி வையுங்கள். இணையமே இல்லாத முதல் பூட்டில் இது கைகொடுக்கும். எல்லாம் முடிந்தபின் நீக்கிவிடலாம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். இது இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் ஆகாது. கெர்னலின் (விண்டோஸின் உள்மையம்) நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து உறங்கும். பழைய ஹார்டுவேரின் அந்த நிலையோடு புதிய கணினியில் எழுவது சிக்கலைக் கூப்பிட்டு வைப்பதுதான். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி (powercfg) கட்டளையால் ஹைபர்னேஷனை ஆஃப் செய்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்தே போகும். பல ஜிபி இடம் பிடிக்கும் ஹைபர்னேஷன் கோப்பும் நீங்குவதால் குளோன் சிறிதாகும்.

பழைய கணினிக்கே உரிய மென்பொருளை எடுத்துவிடுங்கள். விசிறி வேகம், ஓவர்கிளாக், கீபோர்டு விளக்கு போன்றவற்றுக்கான தயாரிப்பாளர் கருவிகள், ரெய்டு (பல டிரைவ்களை ஒன்றாக இணைக்கும் முறை) மேலாண்மை மென்பொருள், வெளி ஆன்டிவைரஸ் ஆகியவை கெர்னல் மட்டத்தில் டிரைவர் போட்டிருக்கும். வேறு மதர்போர்டில் அவை நீலத்திரைக்குக் காரணமாகலாம். கிராஃபிக்ஸ் கார்டின் நிறுவனம் மாறுகிறது என்றால் பழைய கிராஃபிக்ஸ் டிரைவரையும் நீக்குங்கள். திரை தற்காலிகமாக மங்கலாக, பெரிய எழுத்தில் தெரியும், பரவாயில்லை.

கணினியோடு பிணைந்த உரிமங்களை விடுவியுங்கள். வடிவமைப்பு, கணக்கு, இசை மென்பொருள்கள் பலவும் ஹார்டுவேரை வைத்தே ஆக்டிவேட் ஆகின்றன. இங்கிருந்தபடியே டிஆக்டிவேட் செய்தால் ஒரு நிமிட வேலை. பிறகு என்றால் வாடிக்கையாளர் சேவையோடு பேச வேண்டியிருக்கும். விண்டோஸையும் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருக்கிறதா என்று ஆக்டிவேஷன் பக்கத்தில் பாருங்கள்.

டி டிரைவையும் மறக்காதீர்கள். டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களையோ சில மென்பொருளையோ இன்னொரு டிரைவில் வைத்திருந்தால், சி டிரைவ் மட்டும் போகும்போது அவை காணாமல் போகும். ஒன்று அவற்றைச் சி-க்குக் கொண்டுவாருங்கள், அல்லது அந்த டிரைவையும் கூடவே எடுத்துப்போங்கள்.

சிஸ்பிரெப் (விண்டோஸிலிருந்து ஒரு கணினிக்கே உரிய விவரங்களை நீக்கும் கருவி) ஓட்ட வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரே நகலைப் பல கணினிகளில் ஏற்றுபவர்களுக்கு அது அவசியம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஒருமுறை மாற்றுபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டோரிலிருந்து நிறுவிய செயலிகளால் அது பாதியில் நின்றுபோவது சாதாரணமாக நடக்கிறது. அதைச் சரிசெய்வது டிரைவ் மாற்றுவதைவிடப் பெரிய வேலையாகிவிடும்.

5. குளோன் எடுப்பது

குளோன்சில்லா, ரெஸ்கியூசில்லா இரண்டும் இலவசம், பென்டிரைவிலிருந்து ஓடுபவை. முதல்முறை செய்பவருக்கு ரெஸ்கியூசில்லாவின் திரை எளிது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் போன்ற கட்டண மென்பொருள்கள் விண்டோஸ் ஓடும்போதே குளோன் எடுக்கும். ஹார்டுவேர் மாறும்போது ஸ்டோரேஜ் டிரைவரைச் செருகித் தரும் வசதியும் சிலவற்றில் உண்டு.

டிரைவ் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். சி பார்ட்டிஷனை மட்டும் நகலெடுப்பது மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. பூட் கோப்புகள் சி-யில் இல்லை. ஃபேட்32 முறையில் உள்ள சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கின்றன.

புதிய டிரைவ் பெரியதென்றால் குளோன் செய்யும்போதே சி-யை விரித்துவிடுங்கள். பிறகு செய்ய நினைத்தால் சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவே ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டி விரிக்க டிஸ்க் மேனேஜ்மென்ட்டால் முடியாது.

யூஎஸ்பி உறையில் டிரைவைப் போட்டுக் குளோன் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில உறைகள் டிரைவின் செக்டர் அளவை 512 பைட்டுக்குப் பதிலாக 4096 என்று காட்டும். அப்படி எடுத்த குளோன் உறைக்குள் இருக்கும்போது நன்றாகத் தெரியும். வெளியே எடுத்து நேராக மாட்டினால் பார்ட்டிஷனே இல்லாத டிரைவ்போலத் தெரியும். இடமிருந்தால் டிரைவை நேராகக் கணினியில் மாட்டியே குளோன் எடுங்கள்.

குளோன் முடிந்தபின் விண்டோஸுக்குள் இரண்டு டிரைவும் ஒன்றாகத் தெரிந்தால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒன்று ஆஃப்லைன் என்று காட்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதுதான் காரணம். அதை ஆன்லைன் ஆக்காதீர்கள். ஆக்கினால் விண்டோஸ் அடையாள எண்ணை மாற்றி எழுதும், குளோன் பூட் ஆவது அதனால் கெடலாம். கணினியை அணைத்து, ஒன்றைக் கழற்றுங்கள்.

6. குளோனைப் பழைய கணினியிலேயே சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து தாண்டாதீர்கள். மூல டிரைவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் குளோனை மாட்டிப் பூட் செய்யுங்கள். இங்கே பூட் ஆகாவிட்டால் குளோனில் கோளாறு. இங்கே பூட் ஆகி அங்கே ஆகாவிட்டால் புதிய கணினியின் அமைப்பில் அல்லது டிரைவரில் கோளாறு. இந்த ஒரு சோதனை இல்லாமல் போனால் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீணாகும்.

யூஎஸ்பி உறையில் வைத்துப் பூட் செய்து பார்ப்பது சோதனை ஆகாது. சாதாரண விண்டோஸ் யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகாது. நல்ல குளோனும் அங்கே நீலத்திரை காட்டும். பழைய கணினியில் என்விஎம்இ ஸ்லாட்டே இல்லை என்பதுபோன்ற நிலையில் மட்டும் இந்தப் படியை விட்டுவிடலாம்.

குளோன் பூட் ஆனதும் அதிலேயே இன்னொரு வேலை. எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட், மினிமல் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்யாமல் வெளியேறுங்கள். பிறகு கணினியை முழுமையாக அணையுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. வேகமாகக் கிளம்புவதற்காக, இந்தக் கணினிக்குத் தேவைப்படாத ஸ்டோரேஜ் டிரைவர்களை விண்டோஸ் பூட் நேரத்தில் ஏற்றாமல் விட்டிருக்கும். சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்கோ, ரெய்டு முறையிலிருந்து ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறைக்கோ மாறும்போது தேவைப்படுவது அந்த விடுபட்ட டிரைவர்தான். சேஃப் மோடில் கிளம்பும்போது உள்ளேயே இருக்கும் ஸ்டோரேஜ் டிரைவர்கள் விழித்துக்கொள்ளும். ஒருமுறை அப்படிப் பூட் ஆகிவிட்டால் அடுத்தமுறை சாதாரணமாகவே பூட் ஆகும்.

விண்டோஸ் 10-இன் 2004-க்கு முந்தைய பதிப்புகளில் சேஃப் மோடில் பின் எண் வேலை செய்யாது. பாஸ்வேர்டை முன்பே சோதிக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

7. புதிய கணினியின் பயாஸ்

எதையும் மாற்றும் முன் பயாஸ் (கணினியைக் கிளப்பும் மதர்போர்டின் அமைப்பு) திரைகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட் முறை யூஇஎஃப்ஐ என்று இருக்கட்டும். செக்யூர் பூட் இயங்கலாம், விண்டோஸுக்கு அது தடையில்லை.

பார்க்க வேண்டிய முக்கியமான இடம் ஸ்டோரேஜ் அமைப்பு. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற வசதி இயங்கிய நிலையில் வருகிறது. அது என்விஎம்இ டிரைவை விண்டோஸின் கண்ணிலிருந்து மறைத்து, இன்டெலின் தனி டிரைவர் வழியாக மட்டும் காட்டும். குளோனில் அந்த டிரைவர் இருக்காது, சேஃப் மோடும் இதில் உதவாது. பயாஸில் விஎம்டியை அணைக்க முடிந்தால் அணையுங்கள். ஒரே ஒரு டிரைவ் உள்ள கணினியில் அதனால் இழப்பு எதுவும் இல்லை. அணைக்கும் வழியே இல்லாவிட்டால் 9-ஆம் படியில் சொல்லியிருப்பதுபோல டிரைவரைச் செருக வேண்டும்.

புதிய கணினியோடு வந்த டிரைவைக் கழற்றி, அதில் எதையும் மாற்றாமல் பத்திரமாக வையுங்கள். இரண்டும் உள்ளே இருந்தால் பூட் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்று இரண்டு வரி வரும். எது எதுவென்று தெரியாமல் தவறானதில் நுழைந்து, குளோன் வேலை செய்கிறது என்று நம்பிவிடுவது நடக்கிறது.

8. முதல் பூட்

கணினியை முழுமையாக அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு டிரைவை மாட்டுங்கள். எம்.2 டிரைவைச் சற்றுச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தித் திருகாணி போட வேண்டும். திருகாணி இல்லாமல் விட்டால் மறுமுனை தூக்கிக்கொண்டு, சில சமயம் தெரியும், சில சமயம் தெரியாது.

பூட் ஆகும்போது சாதனங்கள் தயாராகின்றன என்று சதவீதத்தோடு ஒரு வரி ஓடும். திரை இருண்டு மறுபடி வரும், தானாக ரீஸ்டார்ட்டும் ஆகலாம். இந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடாதீர்கள். ஹார்டுவேர் ஒவ்வொன்றையும் விண்டோஸ் பதிவுசெய்யும் நேரம் இது.

சேஃப் மோடில் உள்ளே வந்ததும் எம்எஸ்கான்ஃபிக்கில் அந்தச் சேஃப் பூட் குறியை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எடுக்க மறந்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே வந்து நிற்கும்.

9. பூட் ஆகாவிட்டால்

என்ன திரை வருகிறது என்பதைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள். எது வந்தாலும் ரீசெட் திஸ் பிசி என்பதை மட்டும் அழுத்தாதீர்கள். கொண்டுவந்த மென்பொருள் எல்லாம் போய்விடும்.

பூட் செய்ய டிரைவே இல்லை என்கிறது: பயாஸில் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் தெரிந்தும் பூட் ஆகவில்லை என்றால், எந்தக் கோப்பிலிருந்து பூட் செய்ய வேண்டும் என்ற குறிப்பு பழைய மதர்போர்டின் நினைவகத்திலேயே தங்கிவிட்டது. டிரைவோடு அது வராது. வழக்கமாக இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பொதுவான பெயரில் ஒரு மாற்றுப் பூட் கோப்பு இருக்கும், எல்லாக் கணினியும் அதைத் தேடும். அதுவும் இல்லாதபோதுதான் இந்தச் செய்தி வரும்.

இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போங்கள். டிஸ்க்பார்ட்டில் லிஸ்ட் வால்யூம் கொடுத்து, 100 முதல் 300 எம்பி வரை உள்ள ஃபேட்32 வால்யூமைக் கண்டுபிடியுங்கள். பென்டிரைவும் ஃபேட்32 ஆகத் தெரியும், அளவைப் பார்த்துப் பிரித்தறியுங்கள். அந்த வால்யூமைத் தேர்ந்தெடுத்து எஸ் என்ற எழுத்தை அசைன் செய்து, டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வாருங்கள். பிறகு பிசிடிபூட் (bcdboot) கட்டளையில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: விண்டோஸ் ஃபோல்டர் எங்கே, பூட் கோப்புகளை எழுதவேண்டிய எழுத்து எஸ், முறை யூஇஎஃப்ஐ. பழுதுபார்க்கும் சூழலில் சி என்பது டி ஆகவோ இ ஆகவோ மாறியிருக்கும். டிர் கட்டளையால் விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே கொடுங்கள்.

நீலத்திரையில் இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ் என்கிறது: பூட் தொடங்கிவிட்டது, ஆனால் டிரைவைப் படிக்கும் டிரைவர் இல்லை. பயாஸில் விஎம்டி, ரெய்டு, ஏஹெச்சிஐ அமைப்பை மறுபடி பாருங்கள். விஎம்டியை அணைக்கவே முடியாத கணினி என்றால், தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்து வைத்த ஸ்டோரேஜ் டிரைவரை வேறொரு கணினியில் விரித்து, ஐஎன்எஃப் (.inf) வகைக் கோப்பு கண்ணுக்குத் தெரியும் நிலையில் பென்டிரைவில் வையுங்கள். பதிவிறக்கிய இன்ஸ்டாலர் கோப்பை அப்படியே வைத்தால் பயனில்லை.

முதலில் டிஆர்விலோட் (drvload) கட்டளையில் அந்த ஐஎன்எஃப் கோப்பைக் காட்டுங்கள். அப்போதுதான் பழுதுபார்க்கும் சூழலுக்கே உங்கள் டிரைவ் தெரியும். அதன் பிறகு டிஸ்ம் (dism) கட்டளையில் இமேஜ் என்பதற்குக் குளோனின் டிரைவ் எழுத்தையும், ஆட்-டிரைவர் என்பதற்கு டிரைவர் ஃபோல்டரையும் கொடுங்கள். ஓடாமல் கிடக்கும் விண்டோஸுக்குள் டிரைவரைச் செருகும் வேலையை இது செய்யும். முதல் கட்டளை பென்டிரைவின் சூழலுக்கு, இரண்டாவது உங்கள் விண்டோஸுக்கு. முதலாவதோடு நிறுத்திவிட்டு மறுபடி நீலத்திரை வருகிறதே என்று தவிப்பவர்கள் நிறைய.

ரெகவரி சாவி கேட்கிறது: பிட்லாக்கர் முழுமையாக நீங்குவதற்கு முன்பே குளோன் எடுத்திருக்கிறீர்கள். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் எடுத்துத் தட்டலாம். இல்லாவிட்டால் மூல டிரைவைப் பழைய கணினியில் மாட்டி, 4-ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

10. டிரைவர்களும் ஆக்டிவேஷனும்

சாதாரணமாகப் பூட் ஆன பிறகு முதலில் சிப்செட், அடுத்து நெட்வொர்க், பிறகு கிராஃபிக்ஸ், மற்றவை கடைசியில். சிப்செட் டிரைவர் ஏறினால்தான் மதர்போர்டிலுள்ள இணைப்புகளை விண்டோஸ் சரியாக அடையாளம் காணும். இணையம் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள், பாதி டிரைவரை அதுவே கொண்டுவந்துவிடும்.

டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் பழைய கணினியின் மிச்சங்கள் வெளிறிய நிறத்தில் வரிசையாகத் தெரியும். எல்லாவற்றையும் துடைக்க வேண்டாம்; அவை கணினியை மெதுவாக்குவதில்லை, விண்டோஸுக்குத் தேவையானவையும் அவற்றின் நடுவே இருக்கும். பழைய நெட்வொர்க் கார்டை மட்டும் நீக்குங்கள். அதற்கு நிலையான ஐபி முகவரி கொடுத்திருந்தால், அதே முகவரியைப் புதிய கார்டுக்குக் கொடுக்கும்போது அது ஏற்கெனவே வேறொரு கார்டுக்குத் தரப்பட்டிருக்கிறது என்று விண்டோஸ் எச்சரிக்கும்.

ஆக்டிவேஷன் பக்கத்தில் பிழை காட்டினால் ட்ரபிள்ஷூட் பட்டனை அழுத்தி, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்ற தேர்வுக்குப் போங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவான கணினிகளின் பட்டியலிலிருந்து பழைய கணினியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓஇஎம் உரிமம் இந்த வழியில் வராது.

பின் எண்ணைப் புதிதாக அமையுங்கள். பிட்லாக்கரையும் மறுபடி இயக்கி, புதிய ரெகவரி சாவியை அந்தக் கணினிக்கு வெளியே சேமியுங்கள். பழைய சாவி இனி எதற்கும் ஆகாது. ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையை இன்ஃபோ என்ற சொல்லோடு கொடுத்தால் ரெகவரி சூழல் இயங்குகிறதா என்று காட்டும். டிசேபிள்டு என்றால் எனேபிள் கொடுங்கள்.

11. லினக்ஸ் என்றால்

பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடே வருவதால் வேலை குறைவு. எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் டிரைவ்கள் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணால் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்குப் போனால் சாதனப் பெயர்கள் மாறிவிடும். ஃபெடோரா, ஆர்ச் போன்றவை இருக்கும் ஹார்டுவேருக்கு மட்டும் போதுமானபடி இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் தொடக்கத்தில் ஏறும் டிரைவர் தொகுப்பு) சிறிதாக்கி வைப்பதால், புறப்படும் முன் எல்லா மாட்யூலும் உள்ள வகையில் அதை மறுபடி உருவாக்குங்கள். உபுண்டு, டெபியனில் வழக்கமாகப் பெரும்பாலானவை உள்ளேயே இருக்கும். நெட்வொர்க் கார்டின் பெயர் மாறும், நிலையான ஐபி அமைத்த கோப்புகளைத் திருத்த வேண்டிவரும். பழைய கணினியும் தொடர்ந்து ஓடப்போகிறது என்றால் மெஷின்-ஐடியையும் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளையும் ஒன்றில் புதுப்பியுங்கள்.

12. பழைய டிரைவை எப்போது அழிப்பது?

குறைந்தது இரண்டு வாரம் தொடாதீர்கள். மாதம் ஒருமுறை மட்டும் திறக்கும் மென்பொருள் ஏதேனும் இருந்தால் அதைத் திறந்து வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் மூன்றையும் தனித்தனியே சோதியுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் பழைய கணினியை மூல டிரைவோடு இயக்க வேண்டியிருந்தால் அதன் பெயரை மாற்றுங்கள். ஒரே நெட்வொர்க்கில் ஒரே பெயரில் இரண்டு கணினி இருந்தால் ஒன்றுக்கொன்று இடிக்கும். அலுவலக டொமைனில் சேர்ந்த கணினி என்றால் இரண்டையும் ஒரே சமயத்தில் இயக்கவே கூடாது. ஒன்று தன் டொமைன் பாஸ்வேர்டைப் புதுப்பித்ததும் மற்றது உள்ளே நுழைய முடியாமல் நிற்கும், அதை டொமைனிலிருந்து எடுத்து மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும்.

அழிக்கும் நாளில் மூல டிரைவை யூஎஸ்பி உறையில் போட்டுப் புதிய கணினியில் இணைக்கலாம். பழைய அடையாள எண் மோதல் காரணமாக அது ஆஃப்லைனாகத் தெரியலாம். அழிக்கப்போவது அதைத்தான் என்பதற்கு அளவு, மாடல் எண் இரண்டையும் டிரைவின் மேலுள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, டிஸ்க்பார்ட்டில் கிளீன் கொடுங்கள். கிளீன் பார்ட்டிஷன் அட்டவணையை மட்டுமே நீக்கும். டிரைவை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், எஸ்எஸ்டி-க்குத் தயாரிப்பாளரின் செக்யூர் இரேஸ் வசதியையும், சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு முழுவதும் எழுதி அழிக்கும் கிளீன் ஆல் கட்டளையையும் பயன்படுத்துங்கள்.